கொரிய நாட்டுச் சமையற்கட்டில் ஒரு வரலாற்றுப் பாடம்



மிளகாய் இல்லாத கொரிய உணவை இன்று நினைத்துப் பார்ப்பதும் அரிது. ஆனால் அந்நாட்டின் நீண்ட வரலாற்றை நோக்க, மிளகாய் நேற்று வந்த விருந்தாளியே ஆகும். இவ்வுண்மையை நான் உணர்ந்தது ஒரு சமையற்கட்டிலே.

கொரியாவிற்குச் சென்றிருந்தபோது, சியோல் நகரில் பழைய ஓட்டு வீடு ஒன்றில் நடந்த சமையல் வகுப்பில் சேர்ந்தேன். பல்லாண்டுகள் பிறர்க்குப் பாடம் சொன்னவன், இடுப்பில் துணி கட்டிக்கொண்டு மாணவனாக நின்றது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அன்றைய பாடம் கிம்ச்சி. சீன முட்டைக்கோசை நீளவாக்கில் பிளந்து, இதழ்தோறும் உப்புத் தூவி ஊறவைக்கின்றனர். பின்னர்க் கழுவி, மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, உப்பிட்ட இறால் ஆகியவை சேர்ந்த கலவையை ஒவ்வோர் இதழிலும் தடவிச் சாடியில் அடைக்கின்றனர். இறாலை நான் தொடவில்லை. பௌத்த மடங்களில் மீனும் பூண்டும் இன்றியே கிம்ச்சி செய்வர் என்று ஆசிரியை ஆறுதல் கூறினார். நம் வீட்டுப் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் சுற்றத்தவையே அதனையும் புளிக்கச் செய்கின்றன.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பின்னரே அது உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டிற்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தது. கொரியாவிற்கோ, ஜப்பானியர் படையெடுத்த 1592 முதல் 1598 வரையிலான காலத்தை ஒட்டி ஜப்பான் வழியாக வந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. 1614இல் யி சுக்வாங் என்னும் அறிஞர் தொகுத்த நூலும் அதனை ஜப்பானிலிருந்து வந்த பொருளாகவே குறிக்கின்றது. புதிய காய்க்குப் பெயர் வேண்டுமே! நாம் மிளகு என்னும் பழஞ்சொல்லை நீட்டி மிளகாய் என்றோம். கொரியரும் மிளகு வகையைச் சுட்டும் பழஞ்சொல்லைக் கொண்டே ‘கோச்சு’ என்னும் பெயரை அமைத்துக்கொண்டனர்.

வந்தவுடனே அது அடுப்பங்கரையில் நுழைந்துவிடவில்லை. இதற்குச் சான்று, 1670ஆம் ஆண்டை ஒட்டி ஜாங் கியே-ஹியாங் என்ற மூதாட்டியார் எழுதிய ‘உம்சிக் திமிபாங்’ என்னும் சமையல் நூல். அதில் 146 செய்முறைகள் உள்ளன. மிளகாய் சேர்த்தது ஒன்றேனும் இல்லை. காரத்திற்கு மிளகு, இஞ்சி, கடுகு முதலியனவே. காய்களோடு மிளகாயைச் சேர்த்து ஊறவைக்கும் முறையை விளக்கும் நூல் 1766இல்தான் தோன்றியது.

இந்நூலின் சிறப்பு சமையலோடு முடிவதில்லை. மன்னர் செஜோங் 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தைக் கற்றோர் பலர் இழிவாகவே கருதினர். 1504இல் ஒரு மன்னன் அதனைத் தடையும் செய்தான். சீன எழுத்தே புலமைக்கு அடையாளமாக இருந்த அக்காலத்தில், பெண்டிர் பயின்ற அந்த எளிய எழுத்திலேயே அம்மூதாட்டியார் தம் நூலை எழுதினார். அரசர் போர்களை மட்டும் படித்துத் தேர்வெழுதும் நீங்கள் இத்தகைய ஏடுகளையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

நூலின் முடிவில் அவர் ஒரு குறிப்பு வைத்துள்ளார். கண் மங்கிய நிலையில் அரும்பாடுபட்டு எழுதியது இது. பெண்மக்கள் வேண்டுமானால் படியெடுத்துச் செல்லலாம், நூலை மட்டும் எடுத்துச் செல்ல எண்ணலாகாது என்பது அதன் கருத்து. குடும்பத்தார் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அக்கையெழுத்துப்படி இன்று கியோங்புக் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.