உறவுக்காரர் கொடுத்த புத்தகம்

எங்கள் திருத்தணியில் 1888-ல் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தெலுங்குக் குடும்பம், வசதி குறைவு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக் காலத்தில், படிப்பை முடித்த உறவுக்காரர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். காசில்லாமல் கிடைத்ததால் அதையே பாடமாக எடுத்தார்.

வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று பாதிரிமார்கள் சொல்லிவந்தது அவரை உறுத்தியது. எம்.ஏ. பட்டத்துக்காக அதை மறுத்து ஆய்வுரை எழுதினார். பேராசிரியர் ஹாக் கோபிப்பாரோ என்று பயம். அவரோ பாராட்டினார். 1908-ல் அது புத்தகமானது. அப்போது வயது 20. பிறகு 1923-லும் 1927-லும் 'இந்தியத் தத்துவம்' இரு தொகுதிகள், 1936-ல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி.

மலைப்படி ஏறும்போதெல்லாம் நினைப்பேன்: அந்த உறவினர் கணக்குப் புத்தகம் கொடுத்திருந்தால்?

பழைய புத்தகங்களை எடைக்குப் போடுமுன் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள்.