‘எரர்’ அழித்தல்: காவிரிப் படுகைப் பட்டறைகளில் எஞ்சின் கணினியின் கால் நூற்றாண்டு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரக் கார் பட்டறைகளுக்கு ‘செக் லைட் எரியுது, அழிச்சு விடுங்க’ என்று கேட்டு வருபவர்கள் உண்டு. பழுது என்ன என்பதில் அவர்களுக்கு அக்கறை குறைவு; மீட்டரில் எரியும் மஞ்சள் விளக்கு அணைந்தால் போதும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி இரண்டு பொத்தானை அமுக்கினால் அணைந்துவிடும். பழுது அப்படியே இருந்தால் சில நாளில் மறுபடி எரியும். எஞ்சின் கணினியில் பதிவான பிழைக்குறியை அழிக்கும் இந்தச் சிறு வேலைக்கு இப்பகுதியில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. தொடக்கத்தில் யார் வேண்டுமானாலும் செய்ய முடிந்த வேலை, ஒவ்வொரு புகைக் கட்டுப்பாட்டு விதியோடும் கடினமாகிக்கொண்டே வந்தது. அதன் விளைவாகப் பட்டறைத் தொழிலின் மதிப்பு, குறியை அழிப்பதிலிருந்து குறியைப் படிப்பதற்கு நகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் 1983இல் வந்த மாருதி 800இலும் அழிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. கார்புரேட்டரில் இருந்த திருகுகள்தாம் கட்டுப்பாடு. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள்: கருத்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு. டீசல் வண்டியென்றால் பம்பைக் கழற்றி, அதற்கென்றே இருந்த பம்ப் கடைக்கு அனுப்புவார்கள். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1972இல் தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களும் இந்த இயந்திரப் பம்புகளை நம்பியே ஓடின. கோளாறு எப்போது, எந்த ஓட்டத்தில் வந்தது என்று ஓட்டுநர் சொன்னால்தான் உண்டு.

வண்டியே அதைக் குறித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் கலிபோர்னியாவின் புகைமூட்டத்தில் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1981இல் தன் கார்களில் எஞ்சின் கணினியையும் எச்சரிக்கை விளக்கையும் கொண்டுவந்தது. கலிபோர்னியா அரசு 1988 மாடல் முதல் ஓபிடி எனப்படும் சுயசோதனை ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுக்க 16 முனை கொண்ட ஒரே வகைச் செருகியும் ஒரே வகைக் குறிகளும் நடைமுறைக்கு வந்தன. பி0300 என்றால் எஞ்சின் ஒழுங்கின்றி எரிபொருளை எரிக்கிறது, பி0420 என்றால் வினையூக்கி மாற்றி வேலை செய்யவில்லை. எந்த நிறுவனத்தின் கார் ஆனாலும் இதே பொருள்தான்.

அழிப்பதற்கான கட்டளையும் அந்தத் தரநிலையிலேயே இடம்பெற்றது. ஆனால் அதை வகுத்தவர்கள் ஏமாளிகள் அல்லர். குறியை அழித்தால், பழுது நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம், சுமை ஆகியவற்றின் பதிவும் சேர்ந்தே அழியும். அதோடு, கணினி தன் உள்சோதனைகளை எல்லாம் ‘இன்னும் முடிக்கவில்லை’ என்று காட்டத் தொடங்கும். வண்டி சில முறை பல்வேறு வேகங்களில் ஓடிய பிறகே அவை முடியும். புகைச் சோதனைக்கு முந்தைய நாள் அழித்துவிட்டு வந்தவரை அங்குள்ள சோதனையாளர் இதைவைத்தே கண்டுகொள்வார்.

இந்தியாவில் இந்தக் கதை ஒரு நீதிமன்ற ஆணையோடு வேகமெடுத்தது. டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் 1999 ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 தரத்துக்கு உட்பட்ட கார்களையே பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் உத்தரவிட்டது. கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ எனப்படும் பல்முனைப் பெட்ரோல் தெளிப்பு பரவ அதுவே பெரிய காரணம். டெல்லிக்காகச் செய்த மாற்றம் தஞ்சாவூருக்கும் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்து எம்பிஎஃப்ஐ மாருதிகளில் பிழையைப் படிக்க ஸ்கேனர் கட்டாயமில்லை. ஒரு துண்டு வயர் போதும். சோதனைச் செருகியின் குறிப்பிட்ட முனையை எர்த்தோடு இணைத்து, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். மீட்டரில் விளக்கு ஒருமுறை மின்னி, சற்று நின்று, இருமுறை மின்னினால் எண் 12, அதாவது கோளாறு ஏதுமில்லை. வேறு எண் வந்தால் மெக்கானிக் கையேட்டில் அதைத் தேடுவார். அழிப்பது இன்னும் எளிது. பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால் முடிந்தது. பிழைக்குறிகள் பேட்டரி மின்சாரத்தை நம்பிய நினைவகத்தில் இருந்ததால் இது பலித்தது. கூடவே, அந்த எஞ்சினின் தேய்மானத்துக்கு ஏற்பக் கணினி பழகிவைத்திருந்த எரிபொருள் திருத்தங்களும் போய்விடும். இதனால் முதல் சில கிலோமீட்டருக்கு ஐட்லிங் தடுமாறும். பின்னர் வந்த கணினிகள், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் குறிகளை எழுதத் தொடங்கின. டெர்மினலைக் கழற்றும் பழக்கம் மட்டும் இன்றுவரை விடவில்லை. பட்டறைகளில் அது ஏறக்குறைய ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது.

டீசல் வண்டிகளில் திருப்பம், கணினிக் கட்டுப்பாட்டில் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் முறையால் வந்தது. 2002இல் ஹூண்டாய் ஆக்சென்ட், 2005இல் டொயோட்டா இன்னோவா, 2007இல் ஸ்விஃப்ட் டீசல். வாடகைக் காராகவும் கல்யாணக் காராகவும் இன்னோவா படுகை முழுதும் பரவியபோது, ஸ்கேனர் இல்லாத பட்டறை தொழில் நடத்த முடியாத நிலை உருவானது. நிறுவனங்களின் அசல் ஸ்கேனர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களுக்கு மட்டும் என்றிருந்தது. இந்தப் பூட்டைத் திறக்க உதவியவற்றில் இரண்டு முக்கியமானவை. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2005இல் வெளியிட்ட ஈஎல்எம்327 என்ற சில்லின் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடப்படவில்லை. சீனத்தில் நகல்கள் பெருகி, செல்போனோடு இணையும் மலிவான கருவிகளாக ஊர்தோறும் கிடைத்தன. மற்றொன்று சட்டம். ஷம்ஷேர் கட்டாரியா என்பவரின் புகாரின் மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. நடைமுறையில் சிறு பட்டறைக்காரருக்குக் கைகொடுத்தது ஆணையைவிட நகல் கருவிதான் என்றே தோன்றுகிறது.

விதிகள் படுகைக்குத் தாமதமாகவே வந்தன. 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 எனும் புகைத் தரம் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் மட்டும் நடைமுறைக்கு வந்தது; அதனோடு ஓபிடியின் முதல் கட்டமும், 2013இல் இரண்டாம் கட்டமும் வந்தன. தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்கு அப்போது பிஎஸ் 3தான். நாடு முழுதும் பிஎஸ் 4 ஆனது 2017 ஏப்ரலில். மூன்றே ஆண்டுகளில், 2020 ஏப்ரலில், பிஎஸ் 6. மற்றவர்கள் பத்தாண்டில் கற்றதை இங்குள்ள மெக்கானிக்குகள் மிகக் குறைந்த காலத்தில் கற்க வேண்டியிருந்தது.

குறியை அழிப்பதால் மட்டும் பயனில்லை என்பதை இந்த மண்ணில் எலி நன்றாகவே உணர்த்துகிறது. தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் வயல் எலிகளுக்கு இரை குறைகிறது. அவை களத்துமேட்டையும் வீட்டையும் நாடுகின்றன. வயலில் மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்கலாம். நிறுத்திவைத்த காரின் பானெட்டுக்குள் அதை எங்கே வைப்பது? கதகதப்பான எஞ்சினுக்கு மேல் எலி கூடு கட்டி, இன்ஜெக்டர் வயரின் உறையைக் கடிக்கிறது. கம்பி முழுதாக அறுந்தால் கண்டுபிடிப்பது எளிது. நூலிழையில் தொங்கும் கம்பிதான் வேதனை: குறியை அழித்தால் விளக்கு அணையும், மேடுபள்ளத்தில் குலுங்கினால் மீண்டும் எரியும். ஸ்கேனரில் சென்சார் பெயர் வந்ததும் புதுச் சென்சார் வாங்கி மாட்டுபவர் இங்கே காசை இழப்பார். எஞ்சின் ஓடும்போது அளவுகள் எப்படி மாறுகின்றன என்று திரையில் பார்த்துக்கொண்டே வயரைக் கையால் அசைத்துப் பார்ப்பவருக்குப் பழுது அகப்படும்.

கலிபோர்னியாவில் குறியை அழிப்பவரின் நோக்கம் சோதனையைத் தாண்டுவது. இங்கே அந்த நோக்கத்துக்கே இடமில்லை. நம் பியூசி எனப்படும் புகைச் சோதனை புகைக்குழாயில் வருவதைத்தான் அளக்கிறது. ஆகவே இங்கே அழிப்பு பெரும்பாலும் வண்டிக்காரரின் மன நிம்மதிக்காக, அல்லது பழைய காரை விற்பதற்காக. பின்னதற்கு மாற்று கணினியிலேயே உண்டு. ‘குறி அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்’ என்ற எண்ணைப் பல வண்டிகள் தரும். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் அழிப்புக்குப் பின் 30 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று காட்டினால், வாங்குபவர் விலை பேசுவதற்கு முன் காரணம் கேட்கலாம்.

பிஎஸ் 6 டீசல் வண்டிகள் இன்னும் கண்டிப்பானவை. கரித்துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டால், குறியை மட்டும் அழித்துப் பலனில்லை. ஸ்கேனர் மூலம் கட்டாய எரிப்பு நடத்தியாக வேண்டும், அல்லது வடிகட்டியைக் கழற்ற வேண்டும். லாரி, பஸ்களிலும் சில கார்களிலும் புகையைச் சுத்திகரிக்க 32.5 சதவீத யூரியாக் கரைசல் தேவை. அது தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ கணினி இழுவையைக் குறைத்துவிடும். வயலுக்கு வாங்கிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் காசு மிச்சம் என்ற யோசனை நெல் விளையும் ஊரில் எழாமல் இருக்காது. 2015 முதல் நாட்டில் வயலுக்குக் கிடைக்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அதை ஊற்றினால் தெளிப்பானும் வினையூக்கியும் வீணாகும். அந்தப் பிழையை எந்த ஸ்கேனரும் அழித்துத் தராது.

வயலுக்குள் இந்த மாற்றம் இப்போதுதான் நுழைகிறது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைத் தரம் கட்டாயம். அவற்றில் மின்னணுத் தெளிப்பு வந்துவிட்டது. படுகையில் ஓடுபவை பெரும்பாலும் அதற்குக் கீழ்ப்பட்டவை. ஆனால் அறுவடை நாளில் பெல்ட் வண்டி எனப்படும் அறுவடை இயந்திரம் ஒன்று மின்னணுக் கோளாறால் சேற்றில் நின்றால், மழைக்கு முன் அறுத்தாக வேண்டிய விவசாயி நிறுவனத்தின் ஆள் லேப்டாப்போடு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து அமைத்த குழு, வேளாண் கருவிகளைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டது. குறியைப் படிக்கவும் அழிக்கவும் தேவையான மென்பொருள் உள்ளூர்ப் பட்டறைக்கு எந்த விலையில், எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதை அந்த முயற்சி தீர்மானிக்காதவரை, போட்டி ஆணையம் 2014இல் கார்களுக்குச் சொன்னதை அறுவடை இயந்திரத்துக்கும் யாராவது மறுபடி வழக்காட வேண்டியிருக்கும்.