யார் கண்ணுக்கான உடை?



திரைப்படங்களில் வரும் அதிசய வீராங்கனைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடியிலிருந்து குதிப்பார்கள், பத்துப் பேரைத் தனியாகவே அடித்து வீழ்த்துவார்கள். அவர்கள் உடுத்தும் உடையை யார் தீர்மானித்தார்கள், யார் கண்ணுக்காகத் தீர்மானித்தார்கள் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். 'சினிமா உடைக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஒரு காலம் பெண்ணை எப்படிப் பார்த்தது என்பதை அக்காலத்து உடை சொல்லிவிடும்.

முதலில் நம் வீட்டு உடையை எண்ணிப் பார்ப்போம். நம் பாட்டிமாரும் தாய்மாரும் விடியுமுன் பால் வெட்டப் புறப்பட்டபோது எதை உடுத்தினார்கள்? கைலி அல்லது பழைய சேலை, அதன்மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துணிக்கட்டு. கொசுவுக்கும் முள்ளுக்கும் சட்டை, வெயிலுக்கும் தூசிக்கும் தலைத்துணி, இருட்டுக்கு விளக்கு. அந்த உடையைத் தீர்மானித்தது வேலை. வேடிக்கை பார்ப்பவருக்கு அதில் பங்கு இல்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குச் செல்வோம்.

1935-ஆம் ஆண்டு பம்பாயில் 'ஹண்டர்வாலி' என்ற இந்திப் படம் வெளிவந்தது. இயக்கியவர் ஹோமி வாடியா. ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா என்ற நடிகை முகமூடி அணிந்து, கையில் சவுக்குடன், குதிரை ஏறி வந்து அநியாயத்தைத் தட்டிக் கேட்டார். அரைக்கால் சட்டையில் அவரைக் காணவும் ஆண்கள் கூடியிருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த உடையில் அவரால் ஓடவும் தாவவும் முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1937-ல், 'மின்னல் கொடி' என்ற தமிழ்ப் படத்தில் கே. டி. ருக்மிணி ஆண் உடை தரித்த கொள்ளைக்காரியாக வந்தார். பெண் வீரம் காட்ட வேண்டுமானால் ஆண் வேடம் பூண வேண்டும் என்று அன்றைய உலகம் எண்ணியதை அந்த உடையே சொல்கிறது.

அமெரிக்காவில் 1941-ல் 'வொண்டர் வுமன்' சித்திரக்கதையில் பிறந்தாள். மார்ஸ்டன் என்ற உளநூல் அறிஞர் எழுதினார். பீட்டர் என்பவர் வரைந்தார். அமெரிக்கா போரில் இறங்கிய காலம் அது. பெண்கள் ஆலைகளில் கனத்த வேலைகளுக்குச் சென்றார்கள். பெண் வலிமையானவள் என்று சொல்லத்தான் அவளைப் படைத்தார்கள். ஆனால், ஆலைப் பெண்ணுக்குக் கிடைத்த காற்சட்டையும் கனத்த காலணியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தோளும் தொடையும் தெரியும் உடையோடு போருக்குப் போனாள்.

இது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் 1975-ல் வந்தது. லாரா மல்வி என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கட்டுரையில் மூன்று பார்வைகளைப் பிரித்துக் காட்டினார். காமிராவின் பார்வை ஒன்று. படத்தில் நடமாடும் பாத்திரங்களின் பார்வை மற்றொன்று. கொட்டகையில் அமர்ந்திருப்போர் பார்வை மூன்றாவது. இம்மூன்றும் ஆணின் கண்ணாகவே அமைந்துவிடுகின்றன. அவன் பார்ப்பவன், அவள் பார்க்கப்படும் பொருள் என்றார் அவர். இதையே 'ஆண் பார்வை' என்கிறோம். தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாளில், பாய் விரித்து அமர்ந்த பெண்களும் அந்தக் கண்ணைக் கடன் வாங்கித்தான் படம் பார்த்தார்கள்.

இனி, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வருவோம். கிழக்கே உள்ள தெம்பனிஸ், முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களும் கம்பங்களும் மணற்குழிகளும் நிறைந்த வட்டாரம். 1970-களின் இறுதியில் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கின. அதே காலத்தில், 1978-ல், சிங்கப்பூருக்கும் ஒரு திரை வீராங்கனை கிடைத்தாள். பெயர் கிளியோபாத்ரா வோங். நடித்தவர் மேரி லீ என்ற திரைப்பெயர் கொண்ட சிங்கப்பூர்ப் பெண். இயக்கியவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாபி சுவாரெஸ். கள்ளநோட்டுக் கும்பலைப் பிடிக்கும் துப்பறிவாளராக வந்த அவர், உச்சக்கட்டத்தில் கன்னிகாஸ்திரியின் அங்கி உடுத்தித் துப்பாக்கி ஏந்துகிறார். உடல் முழுவதும் மூடிய அங்கியிலும் வீரம் குறையவில்லை! 1990-ல் தெலுங்கில் வந்து, 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என்று தமிழ் பேசிய படத்தில் விஜயசாந்தியின் காக்கி உடையும் இதையே மெய்ப்பித்தது. அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

2017-ல் உலகமே ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஒன்று நடந்தது. 'வொண்டர் வுமன்' படத்தைப் பேட்டி ஜென்கின்ஸ் என்ற பெண் இயக்கினார். உடை அமைத்தவர் லிண்டி ஹெமிங் என்ற பெண். அதில் வரும் அமேசான் வீராங்கனைகள் மார்பையும் வயிற்றையும் காக்கும் தோல் கவசம் அணிந்தனர். அதே ஆண்டு 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் அதே குலத்து வீராங்கனைகள் சிலர் வயிறு திறந்த சிற்றுடையில் வந்தனர். அங்கே இயக்குநரும் ஆண், உடை அமைத்தவரும் ஆண். வாள் பாயும் இடத்தில் கவசம் இல்லையென்றால் அது யாருக்கான உடை என்று பலர் கேட்டார்கள். உடுத்தியவர்களில் ஒருவர் தமக்கு அது வசதியாகவே இருந்தது என்றார். அதையும் நாம் மதிக்க வேண்டும்.

ஆனால், பெண் உடை அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2016-ல் 'சூசைட் ஸ்குவாட்' படத்தில் ஹார்லி குவின் என்ற பாத்திரத்துக்கு மிகச் சிறிய காற்சட்டை அணிவித்தவரும் ஒரு பெண்தான். படத்தை இயக்கியவர் ஆண். பார்வை என்பது ஓர் ஆசனம்; அதில் யாரும் அமரலாம். 2020-ல் கேத்தி யான் என்ற பெண் இயக்கிய படத்தில் அதே ஹார்லி மீண்டும் வந்தாள். சண்டை நடுவே, கூந்தல் முகத்தில் விழும் தோழிக்கு முடி கட்ட ஒரு ரப்பர் வளையம் நீட்டுகிறாள். அவிழ்ந்த கூந்தலோடு எவளும் வேலை செய்ய மாட்டாள் என்பது பால் வெட்டிய நம் தாய்மாருக்குத் தெரியும். அத்தனை ஆண்டுகள் திரைக்கு அது தெரியாமல் இருந்தது. பெண் பார்வை என்பது உடலை மூடுவது மட்டுமன்று. அந்த உடலுக்குள் இருந்து உலகைப் பார்ப்பது.

இது நமக்கு எதற்கு? தெம்பனிஸ் பேரங்காடித் திரையரங்கில் படம் பார்க்கும் பிள்ளையும் தோட்டத்து வீட்டில் கைப்பேசியில் பார்க்கும் பிள்ளையும் ஒரே வீராங்கனையைத்தான் பார்க்கிறார்கள். பள்ளி மாறுவேடப் போட்டிக்கு அந்த உடை வேண்டும் என்று மகள் கேட்கிறாள். 'சீ, கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், குற்றம் தன் உடலில்தான் என்று அவள் கற்றுக்கொள்வாள். பிறகு ஓட்டப் பந்தயத்துக்கும் வலைப்பந்துக்கும் வரத் தயங்குவாள். பள்ளியில் நாம் கண்கூடாகக் காணும் இழப்பு இது.

ஆகவே, தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளையோடு அமர்ந்து படம் பாருங்கள். 'இந்த உடையில் ஓட முடியுமா? அடி விழுந்தால் காக்குமா? இதை யார் பார்ப்பதற்காகத் தைத்தார்கள்?' என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மகனையும் பக்கத்தில் அமர்த்துங்கள். பார்க்கும் கண்ணைத் திருத்துவது அவனுக்கும் உரிய பாடம். விடையை அவர்களே சொல்வார்கள்.