ஷார்த்ர் பேராலயம்

பிரான்சு நாட்டில், பாரிஸ் மாநகருக்குத் தென்மேற்கே ஷார்த்ர் என்னும் ஊரில் கன்னி மரியன்னைக்கு எடுத்த பேராலயம் ஒன்று உண்டு. 1194-ஆம் ஆண்டில் பழைய கோயிலின் பெரும்பகுதியைத் தீ விழுங்கிற்று. ஊரார் சோர்ந்தாரில்லை, மீண்டும் எழுப்பினர். 1260-இல் அது திருநிலைப்படுத்தப்பெற்றது.

கூர்வளைவுகளின் மேல் ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்தில் கல்விதானம் நிற்கிறது. அதன் உந்துதலை வெளிப்புறத்துக் கல்வளைவுகள் தாங்கிக்கொள்வதால், சுவரைத் திறந்து பெருஞ்சாளரங்கள் அமைக்க இயன்றது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் இணைத்து, விவிலியக் கதைகளை ஒளியால் எழுதினர். அந்நீல நிறம் உலகப் புகழ் பெற்றது. சில சாளரங்களின் அடியில் நாம் காண்பவர் அரசரல்லர். ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர், தச்சர். உழைப்பாளிக்கும் அங்கே இடமுண்டு.

1939-இல் போர் மூண்டபோது அக்கண்ணாடிகளைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து அகற்றினர். போர் ஓய்ந்தபின் மீண்டும் பொருத்தினர். ஒரு கண்ணாடிப் பெட்டியை உடையாமல் ஊர் சேர்ப்பதன் அருமையை இரயில்வேயில் பணிபுரியும் நாம் அறிவோம். எழுநூறு ஆண்டுச் செல்வத்தை அவர்கள் போர் அச்சத்தின் நடுவே காத்தனர். கட்டியோரைப் போற்றுவோம், காத்தோரையும் மறவோம்.