துப்பாக்கிகளால் ஆன அரியணை

இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மன்னர் பலர் விட்டுச் சென்ற செல்வங்களைக் காண்கின்றோம். அவற்றினிடையே 2002ஆம் ஆண்டில் ஒரு நாற்காலியும் வந்து சேர்ந்தது. ‘ஆயுத அரியணை’ என்பது அதன் பெயர். மொசாம்பிக் நாட்டுக் கலைஞர் கிரிஸ்தோவாவோ கன்யவாட்டோ 2001இல் அதனைச் செய்தார். கெஸ்டர் என்ற பெயராலேயே உலகம் அவரை அறியும். தந்தம் அதில் இல்லை; காலும் கையும் முதுகும் துப்பாக்கிகளின் உறுப்புகளே.

இவை வந்த வழியை அறிய அந்நாட்டின் சரித்திரத்தைச் சற்றே நோக்க வேண்டும். கோவாவைப் போலவே மொசாம்பிக்கும் போர்ச்சுக்கீசியர் ஆளுகையில் இருந்தது. 1752 வரை கோவாவிலிருந்தே அதனை நிர்வகித்தனர் என்பதை நம்மில் பலர் அறியோம். 1975இல் விடுதலை கிடைத்தது. 1977இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆட்சியிலிருந்த பிரெலிமோ கட்சிக்குச் சோவியத் நாடு ஆயுதம் அளித்தது. எதிர்த்த ரெனாமோவுக்கு முதலில் ரொடீசியாவும் பின்னர்த் தென்னாப்பிரிக்காவும் துணை நின்றன. 1992 அக்டோபரில் ரோம் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாவதற்குள், போரிலும் பஞ்சத்திலுமாகச் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர்.

போர் ஓய்ந்ததேயன்றி ஆயுதங்கள் ஓயவில்லை. அவை மண்ணுக்குள்ளும் மறைவிடங்களிலும் கிடந்தன. கொடு என்று ஆணையிட்டால் யார் கொடுப்பார்? 1995இல் தினிஸ் செங்குலானே என்னும் ஆங்கிலிக்கன் பேராயர், கிறிஸ்தவ சபைகளின் மன்றத்தின் வாயிலாக ஒரு வழி கண்டார். அது பண்டமாற்று. துப்பாக்கி கொணர்ந்தவருக்கு மண்வெட்டி, மிதிவண்டி, தையல் இயந்திரம், கூரைக்கான பொருள்கள் என ஏதேனும் ஒன்று கிடைத்தது. ஒரு கிராமத்தார் கூடித் தம் ஆயுதங்களைத் தந்து டிராக்டரே பெற்றனர்! மண்வெட்டி கையிலிருந்தால் மறுநாள் உழைப்புக்கு உதவும் என்பதை உழவருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லையே.

சேர்ந்த ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்து, ஒரு பகுதியை மபூட்டோ நகரக் கலைஞர்களிடம் ஒப்படைத்தனர். ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு ஆசனமே அதிகாரத்தின் அடையாளம். அம்மரபைக் கருதியே கெஸ்டர் அரியணையைத் தேர்ந்தார் எனலாம். அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதுகுப்புறம் போர்ச்சுக்கலின் ‘ஜி-3’ துப்பாக்கிகள். கைகள் சோவியத் ‘ஏகே-47’. இருக்கையில் போலந்து, செக்கோஸ்லவாக்கியா நாடுகளின் குழல்கள். முன்கால் ஒன்று வடகொரியாவினது. ஆப்பிரிக்க மண்ணில் செய்யப்பட்டது ஒன்றேனும் இல்லை. அரசாங்க ஏடுகள் மழுப்பிச் சொல்லும் செய்தியை இந்நாற்காலி மறைக்காது கூறுகின்றது என்பதே நம் கருத்து. மேலே நீளும் துப்பாக்கிக் கட்டைகளிலுள்ள திருகுத் துளைகள் கண்களாகவும், வார் நுழையும் பிளவு வாயாகவும் தோன்ற, அவை நம்மைப் பார்த்து நகைப்பன போலுள்ளன. கலைஞர் செதுக்கிய முகமன்று. இரும்பிலும் மரத்திலும் முன்பே இருந்ததை அவர் கண்டுகொண்டார்.

2004இல் கெஸ்டரும் தோழர் மூவரும் இதே பொருளால் ‘உயிர் மரம்’ ஒன்றைச் செய்தனர். மூன்றரை மீட்டர் உயரமும் அரை டன் எடையும் கொண்ட அதுவும் அவ்வருங்காட்சியகத்தை அடைந்தது. மொசாம்பிக்கின் தேசியக் கொடியிலோ, 1983இல் பொறித்த ‘ஏகே-47’ மண்வெட்டியுடனும் புத்தகத்துடனும் இன்றும் இருக்கின்றது.