ஆசியாவில் இணையவழித் தொலைக்காட்சி: முந்திய நாடுகளும் காத்திருந்த இந்தியாவும்

ஐபிடிவி எனப்படும் இணையநெறிமுறைத் தொலைக்காட்சிக்கு இந்தியாவில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிடப்பட்டது 2008 செப்டம்பரில். அதே ஆண்டு நவம்பரில்தான் தென்கொரியாவிலும் நேரலை அலைவரிசைகளுடன் இச்சேவை வணிகரீதியில் தொடங்கியது. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் தென்கொரியாவில் ஐபிடிவி சந்தாதாரர்களின் எண்ணிக்கை கேபிள் சந்தாதாரர்களின் எண்ணிக்கையை விஞ்சியது. இந்தியாவிலோ 2024, 2025-ஆம் ஆண்டுகளில்தான் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீண்டும் இச்சேவையில் முனைப்புடன் இறங்கியுள்ளன. ஒரே காலத்தில் தொடங்கிய பயணங்களுக்கு இடையே இத்தனை இடைவெளி ஏற்பட்டது ஏன்?

ஐபிடிவி என்றால் என்ன?

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இணையத் தரவுகளாக மாற்றி, பிராட்பேண்ட் இணைப்பின் வழியே வீட்டிலுள்ள செட்டாப் பாக்ஸுக்கு அனுப்புவதே ஐபிடிவி. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஓடிடி தளங்களும் இணையத்தின் வழியாகவே வருகின்றன. ஆனால் அவை எல்லோருக்கும் பொதுவான இணையப் பாதையில் வருபவை. ஐபிடிவி, தொலைத்தொடர்பு நிறுவனம் தன் சொந்தக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வலைப்பின்னலுக்குள் தனிப் பாதையில் வருகிறது. எனவே படத்தின் தரத்துக்கு அந்நிறுவனமே பொறுப்பேற்க முடியும்.

கேபிளில் அனைத்து அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் வீடு வரை வந்து சேர்கின்றன. பார்வையாளர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஐபிடிவியில் பார்வையாளர் தேர்ந்தெடுக்கும் அலைவரிசை மட்டுமே அவரது வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. ஆகவே எத்தனை நூறு அலைவரிசைகளை வேண்டுமானாலும் வழங்கலாம். ஆனால் அந்த ஓர் அலைவரிசை தடங்கலின்றி ஓடும் அளவுக்கு வீட்டு இணைப்பில் வேகம் இருக்க வேண்டும்.

ஹாங்காங் காட்டிய பாதை

ஆசியாவில் இத்துறையின் முன்னோடி ஹாங்காங். அங்குள்ள தொலைபேசி நிறுவனம் 1998-இல் விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் காணும் சேவையைத் தொடங்கி, போதிய வரவேற்பின்றி 2002-இல் கைவிட்டது. அதன் வழிவந்த பிசிசிடபிள்யூ நிறுவனம் 2003 செப்டம்பரில் 'நவ்' என்ற பெயரில் நேரலை அலைவரிசைகளுடன் மீண்டும் களமிறங்கியது. தேவையான அலைவரிசைகளுக்கு மட்டும் கட்டணம் செலுத்தலாம் என்ற வசதி மக்களை ஈர்த்தது. அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் நகரில் தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் குறைவு என்பதால், அன்றைய தாமிரக் கம்பிகளிலேயே போதிய வேகம் கிடைத்தது.

சட்டம் தாமதித்த நாடுகள்

ஜப்பானில் கண்ணாடியிழை இணைப்புகள் முன்னரே பரவியிருந்தன. தடையாக இருந்தது பதிப்புரிமைச் சட்டம். கேபிள் வழியான மறு ஒளிபரப்புக்கு இருந்த சலுகைகள் இணைய நெறிமுறை வழியான மறு ஒளிபரப்புக்கு இல்லை. கலைஞர்கள், இசைத்தட்டுத் தயாரிப்பாளர்கள் ஆகியோரின் முன் அனுமதி தேவைப்பட்டது. 2006 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வழி பிறந்தது. 2008 மார்ச் இறுதியில் என்டிடி குழுமத்தின் 'ஹிகாரி டிவி' தொடங்கியது.

தென்கொரியாவில் விவாதம் வேறு விதமானது. இது ஒளிபரப்பா, தொலைத்தொடர்பா என்பதில் ஒளிபரப்பு ஆணையத்துக்கும் தகவல் தொடர்பு அமைச்சகத்துக்கும் இடையே பல ஆண்டுகள் கருத்து வேறுபாடு நீடித்தது. அதுவரை தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பதிவு செய்த நிகழ்ச்சிகளை மட்டுமே வழங்க முடிந்தது. 2007 டிசம்பர் இறுதியில் இதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேறியது. 2008-இல் இரு துறைகளின் பொறுப்புகளும் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. கேடி நிறுவனம் 2008 நவம்பரிலும், எஸ்கே பிராட்பேண்ட், எல்ஜி நிறுவனங்கள் 2009 ஜனவரியிலும் சேவையைத் தொடங்கின.

2017 நவம்பரில் ஐபிடிவி கேபிளை முந்தியது. அதன்பின் கேபிள் நிறுவனங்களையே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வாங்கத் தொடங்கின. 2019-இல் சிஜே ஹலோ நிறுவனம் எல்ஜி வசமானது. 2020-இல் டி-பிராட் நிறுவனம் எஸ்கே பிராட்பேண்டுடன் இணைந்தது. புதிய தொழில்நுட்பம் போட்டியைப் பெருக்கும் என்ற எதிர்பார்ப்புடன் தொடங்கிய பயணம், சில பெரிய நிறுவனங்களின் கைகளில் சந்தை குவிவதில் முடிந்தது.

சீனா: பிரிக்கப்பட்ட பொறுப்பு

சீனாவில் முதல் ஐபிடிவி உரிமம் 2005-இல் ஷாங்காய் ஊடகக் குழுமத்துக்கு வழங்கப்பட்டது. உள்ளடக்கத்தின் கட்டுப்பாடு ஒளிபரப்புத் துறையிடமும், கொண்டு சேர்க்கும் பணி தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் என்று பொறுப்பு பிரிக்கப்பட்டது. தொலைத்தொடர்பு, தொலைக்காட்சி, இணையம் ஆகிய மூன்று வலைப்பின்னல்களையும் ஒருங்கிணைக்கும் முடிவை அந்நாட்டு அரசு 2010 ஜனவரியில் எடுத்து, முதற்கட்டமாக 12 இடங்களைத் தேர்ந்தெடுத்தது. கண்ணாடியிழை இணைப்புகள் பெருகியபோது, பிராட்பேண்டுடன் சேர்த்து ஐபிடிவியும் வீடுகளை எட்டியது. அந்நாட்டுத் தொழில் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கணக்குப்படி, 2023 இறுதியில் பயனாளர் எண்ணிக்கை 40.1 கோடி.

சிங்கப்பூர்: வீட்டில் இரண்டு பெட்டிகள்

சிங்டெல் நிறுவனம் 2007-இல் ஐபிடிவி சேவையைத் தொடங்கி, 2009-இல் இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமையைப் போட்டி நிறுவனமான ஸ்டார்ஹப்பிடமிருந்து கைப்பற்றியது. கால்பந்துக்கு ஒரு பெட்டி, மற்ற நிகழ்ச்சிகளுக்கு வேறொரு பெட்டி என்ற நிலை உருவானது. ஒரு நிறுவனம் தனியுரிமையுடன் பெறும் நிகழ்ச்சிகளைப் போட்டி நிறுவனத்தின் வலைப்பின்னல் வழியாகவும் காண வகை செய்யும் விதியை 2010-இல் அந்நாட்டு ஊடக மேம்பாட்டு ஆணையம் அறிவித்தது. போட்டி பெருகினாலும் ஒழுங்குமுறை இல்லையேல் சுமை பார்வையாளர் மீதே விழும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இந்தியா: கம்பிக்காகக் காத்திருந்த காலம்

இந்தியாவில் எம்டிஎன்எல் நிறுவனம் 2006-லேயே தில்லி, மும்பையில் இச்சேவையைத் தொடங்கியது. 2008-இல் நெறிமுறைகள் வந்தன. 2009-இல் ஏர்டெல் தில்லி வட்டாரத்தில் தொடங்கியது. ஆனால் அன்று பிராட்பேண்ட் என்று அங்கீகரிக்கப்பட்ட குறைந்தபட்ச வேகம் வினாடிக்கு 256 கிலோபிட் மட்டுமே. சாதாரணத் தரத்தில் ஓர் அலைவரிசையைக் காணவே ஏறத்தாழ 2 மெகாபிட் தேவை. 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்பது அரசின் இலக்கு. எட்டியது சுமார் 1.1 கோடி. சட்டம் வழிவிட்டும் கம்பி வழிவிடவில்லை. அந்த இடைவெளியை மலிவான கேபிளும் டிடிஎச் சேவையும் நிரப்பின.

நிலை மாறத் தொடங்கியது கண்ணாடியிழை பரவிய பின்னரே. ஆந்திரப் பிரதேச அரசின் ஃபைபர்நெட் திட்டம், மாதம் ரூ.149 அடிப்படைக் கட்டணத்தில் இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் வழங்கும் வகையில் 2017 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. பிஎஸ்என்எல் 2024-இல் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் 500-க்கும் மேற்பட்ட நேரலை அலைவரிசைகளுடன் தனது கண்ணாடியிழைத் தொலைக்காட்சிச் சேவையை அறிமுகப்படுத்தியது. ஏர்டெல் 2025 மார்ச்சில் 2,000 நகரங்களில், ரூ.699 முதல் தொடங்கும் திட்டங்களுடன் ஐபிடிவியை அறிவித்தது.

இதற்கிடையே டிடிஎச் சந்தாதாரர் எண்ணிக்கை 2021 மார்ச்சில் ஏறத்தாழ 6.96 கோடியாக இருந்தது, 2024 மார்ச்சில் சுமார் 6.2 கோடியாகக் குறைந்துள்ளது.

பார்வையாளரும் கேபிள் ஆபரேட்டரும்

ஐபிடிவிக்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை சில. இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டால் தொலைக்காட்சியும் நின்றுவிடும். இணையம், தொலைக்காட்சி, ஓடிடி ஆகியவை ஒரே கட்டணத்தில் வரும்போது, ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வது கடினமாகும். அதே நேரத்தில், அலைவரிசைகளைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமையை வழங்கும் டிராய் அமைப்பின் 2017-ஆம் ஆண்டுக் கட்டண ஆணை ஐபிடிவிக்கும் பொருந்தும். ஓடிடி தளங்களுக்குப் பொருந்தாது.

தெருவுக்குத் தெரு கம்பி இழுத்து, வீடு வீடாகச் சந்தா வசூலிக்கும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. ஆந்திரத் திட்டத்தில் வீடு வரையிலான இணைப்புப் பணியில் அவர்களே பங்குதாரர்களாகச் சேர்க்கப்பட்டனர். இணையச் சேவை நிறுவனங்கள் ஐபிடிவி வழங்க ரூ.100 கோடி நிகர மதிப்பு வேண்டும் என்ற 2008-ஆம் ஆண்டு நிபந்தனையை நீக்கலாம் என்று டிராய் 2025 பிப்ரவரியில் பரிந்துரைத்துள்ளது. அந்த வாயில் திறந்தால் சிறிய நிறுவனங்களும் களத்தில் நிற்க முடியும். இல்லையேல் தென்கொரியாவைப் போலச் சந்தை சில நிறுவனங்களிடம் குவிய வாய்ப்புண்டு. கம்பி வந்துவிட்ட இந்தியாவில், இனி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருப்பது விதிமுறையே.