நாடியா, மூச்சா?

சென்ற வருஷம் என் தங்கைக்கு இரைப்பையில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மயக்க ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் சோதனை முடிந்துவிட்டது. ஆனால் நர்ஸ் எங்களை விடுகிற வழியாக இல்லை. தங்கையின் விரலில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம்தான் முடிந்துவிட்டதே, அம்மா?" என்றேன், சற்று எரிச்சலோடு.

"இனிமேல்தான் ஸார் பார்க்க வேண்டும்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் இந்தக் காவலின் பூர்வோத்தரத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

1847 நவம்பரில் எடின்பரோ நகரத்து வைத்தியர் சிம்ஸன் குளோரோபாரத்தைக் கையாண்டார். வலியை வென்றாகிவிட்டது என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28-ஆம் தேதி, இங்கிலாந்தில் நியூகாஸிலுக்குப் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்தாள். சில நிமிஷங்களில் இறந்து போனாள். ஒரு நகத்துக்காக ஓர் உயிர்!

அன்று முதல் வைத்தியர்களுக்குள் வழக்கு. மயங்கிக் கிடப்பவரிடம் எதைக் கவனிப்பது? 'நாடியில் விரலை வைத்திரு' என்றது லண்டன். 'மூச்சைப் பார், அது போதும்' என்றது எடின்பரோ.

இந்த வழக்கு விசாரணைக்கு வந்த இடம் நம் ஹைதராபாத். அங்கே ரெஸிடென்ஸி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் படித்தவர். நிஜாமின் ஆதரவில் 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் கூடின. இரண்டாவதற்கு லண்டன் 'லான்செட்' பத்திரிகை தன் பிரதிநிதியாக லாடர் பிரண்டனை அனுப்பிற்று. அதற்கு 1000 பவுன் கொடுத்தவர் நிஜாம். நூற்றுக்கணக்கான பிராணிகள், பெரும்பாலும் நாய்கள், இந்தச் சோதனையில் மாண்டன. முதலில் நிற்பது மூச்சு, பிறகுதான் இருதயம். ஆகையால் மூச்சை மட்டும் கவனித்தால் அபாயமில்லை என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பில் பாதிதான் சரி. 1911-ல் லீவி என்பவர் பூனைகளை வைத்து வேறொன்றைக் காட்டினார்: மயக்கம் ஆழமாக இல்லாதபோதுகூடக் குளோரோபாரம் இருதயத்தைத் தாறுமாறாகத் துடிதுடிக்க வைத்து, திடீரென்று நிறுத்திவிடலாம். நாடியும் வேண்டும், மூச்சும் வேண்டும். ஒரு கட்சியின் பிடிவாதத்துக்கு எத்தனை நோயாளிகள் விலை கொடுத்தார்களோ!

1974-ல் ஜப்பானில் அவோயாகி என்ற இன்ஜினியர் ஒரு வழி கண்டார்: தோலின் வழியே ஒளியைச் செலுத்தி, நாடித் துடிப்பைக்கொண்டே ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அறியும் வழி. தங்கையின் விரலில் இருந்த கவ்வி அதன் சந்ததிதான். ஆயினும் 1986-ல் ஹார்வர்டு ஆஸ்பத்திரிகளின் மயக்க மருந்து வைத்தியர்கள் விதிகளை வெளியிட்டபோது, மயக்கம் கொடுப்பவர் அறையை விட்டு நகரக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. கருவி கூவலாம்; கேட்க ஆள் வேண்டாமா?

சோதனை முடிந்த பிறகு ஏன் காவல் என்பதும் விளங்கிற்று. குழாய் உள்ளே இருக்கும்வரை அதன் உறுத்தல் நோயாளியை ஓரளவு விழிப்பில் வைத்திருக்கும். அதை உருவியதும் உறுத்தல் போய்விடுகிறது. மருந்தோ உடம்பிலேயே இருக்கிறது. அப்போதுதான் மயக்கம் ஆழ்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு அடைபடலாம்.

அன்று தங்கை கண் விழித்து, "மணி என்ன, அண்ணா?" என்று தெளிவாகக் கேட்டாள். அதற்குப் பிறகும் நர்ஸ் அவசரப்படவில்லை.

"இன்னும் அரைமணி ஆகட்டும் ஸார்."

இப்போது கேட்டிருந்தால், ஒரு மணியே ஆகட்டும் என்றிருப்பேன்.